ஃப்ரீசரில் மீன் நாற்றம் போகவில்லையா? ரப்பரைப் பாருங்கள்

கரண்ட் போய் ஃப்ரீசரில் மீன் கெட்டு, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை என்றால், உள்ளே மறுபடி கழுவ வேண்டாம், கதவு ரப்பரின் மடிப்புகளையும் பின்னால் கம்ப்ரசர் பக்கம் இருக்கும் தண்ணீர்த் தட்டையும் பாருங்கள். மீன் கெட்டபோது உருகி வழிந்த நீர் பெரும்பாலும் அங்கேதான் தங்கியிருக்கும், அதனால்தான் நாற்றம் திரும்பி வருகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் தனித்தனியாக முகர்ந்து பாருங்கள், எது என்று தெரிந்துவிடும். 1 லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து பழைய டூத்பிரஷால் தேயுங்கள். அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கதவு திறந்தே இருக்கட்டும், இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பழைய ஐஸ் கட்டிகளையும் கொட்டிவிடுங்கள்.

பிளீச்சையும் வினிகரையும் தயவுசெய்து சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். உள்சுவர் விரிசலில் நீர் இறங்கியிருந்தால் இதெல்லாம் உதவாது.