கூட வந்தவனோட ரீல எப்படி பாக்கணும்

தம்பி, வெளிநாட்டுக்கு விஎஃப்எக்ஸ் (சினிமா கிராஃபிக்ஸ்) வேலைக்குப் புதுசா வந்திருக்கீங்க, வாடகை வீடு, வரி நம்பர் இதெல்லாம் உங்க கூட வேலை பாக்குறவங்களே சொல்லிருவாங்க, அத விடுங்க. "ஒண்ணா வந்தவன் ஆர்ட்ஸ்டேஷன் சைட்ல தன் வேலையப் போட்டுக் கலக்குறான், நான் இன்னும் ஃபிரேம் ஃபிரேமா ஓரம் வரையுற ரோட்டோலயே உக்காந்திருக்கேன், தூக்கம் வரல, நீங்க எப்படி சமாளிச்சீங்க"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அதுக்கு மட்டும் சொல்றேன்.

முதல்ல ரீல், அதாவது ஒருத்தர் தன் வேலையத் தொகுத்துப் போடுற வீடியோவ, பாக்கக் கத்துக்கங்க. கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள முடியுற ஷாட்ல கூட மாடலிங், லைட்டிங், எல்லாத்தையும் ஒண்ணு சேக்குற கம்ப்னு பல பேர் கை பட்டிருக்கும். ஷாட்ட அடுக்கடுக்காப் பிரிச்சுக் காட்டுற பிரேக்டவுன்ல "கீயிங் (பச்சைத் திரைய எடுக்குறது) மட்டும் நான்"னு போடலன்னா மொத்தமும் அவரே செஞ்ச மாதிரி தான் தெரியும். அப்புறம் என்டிஏ, வேலைய வெளிய காட்ட மாட்டேன்னு போடுற ஒப்பந்தம். படம் வெளிவர்ற வரைக்கும் ஒரு ஃபிரேம் கூட காட்ட முடியாது, அதனால அவரு இன்னைக்கு போடுறது எப்பவோ முடிச்ச வேலை, நீங்க பாதியில நிக்குற உங்க ஷாட்ட வச்சுகிட்டு அதோட மல்லுக்கட்டுறீங்க.

லியோன் ஃபெஸ்டிங்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1954லயே எழுதிட்டாரு, மனுஷன் தன்ன மாதிரி இருக்குறவனோட தான் ஒப்பிட்டுப் பாப்பான்னு. ஆஸ்கார் வாங்குனவரப் பாத்து நமக்கு எரியுதா என்ன? கூட வந்தவன் டீம் லீட் ஆனா தான் எரியும். இதுல நம்ம ஆளுங்க வேற, ரெண்டு பேர் சேந்தா போதும், பதவி என்ன, நிரந்தரமா தங்குறதுக்கு பிஆர் வந்துருச்சான்னு ஆரம்பிச்சுருவாங்க, ஒருத்தரும் என்ன ஷாட் பண்றேன்னு கேக்க மாட்டாங்க. அந்தப் பேச்சக் கேட்டு ரோஷத்துல சம்பளத்தக் கொறச்சுகிட்டு பெரிய பேர் உள்ள ஸ்டுடியோவுக்கு மட்டும் ஓடிறாதீங்க, அப்படிப் போய் மாட்டிகிட்டவங்கள நிறைய பாத்துட்டேன்.

நான் வந்த புதுசுல டெய்லீஸ்னாலே, அதாவது ஷாட்டப் போட்டுப் பாத்துத் திருத்தம் சொல்ற மீட்டிங்னாலே, வயித்தக் கலக்கும். இருட்டு ரூம்ல ஷாட்ட லூப்ல ஓடவிட்டு, முடி ஓரம் துடிக்குதுன்னு சூப்பர்வைசர் லேசர் பாயிண்டர வச்சுக் காட்டுவாரு. பக்கத்து சீட்டுக்காரர் ஷாட் மட்டும் போனவுடனே ஃபைனல். ஒரு நாள் அவரோட ஃபோல்டரத் தெறந்து பாத்தா, பழைய வெர்ஷன் வரிசையா கெடக்கு. டெய்லீஸுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே அவரே அத்தனை தடவ மாத்திருக்காரு! நேராப் போய்க் கேட்டேன், மனுஷன் கம்ப் பண்ற நியூக் சாஃப்ட்வேர்ல தன்னோட ஸ்கிரிப்ட்ட, அதாவது வேலை ஃபைல, தெறந்து ஒவ்வொரு நோடா, படிப்படியா காட்டிக் குடுத்தாரு. நம்மள்ல பாதிப் பேருக்கு இப்படிக் கேக்குறதுக்குக் கூட கூச்சம்.

உங்க கூட வந்தவரும் உங்க ஸ்டுடியோ தான்னா, நாளைக்கு அவர் சீட்டுக்குப் போய் ஒரு ஸ்கிரிப்ட் காட்டச் சொல்லுங்க.