எந்தப் பாட்டி வீடு?

கேள்வி: அமெரிக்காவில் கோடை விடுமுறையிலும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரசே சாப்பாடு தருகிறதாமே? நம் ஊருக்கு அது அவசியமா? லீவு விட்டதும் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போய்விடுகிறார்களே!
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் அந்தப் பாட்டி வீட்டைப் பேசிவிடுவோம். ஏப்ரல் பிறந்தால் நம் அலுவலகத்துக்குப் பாட்டி வீட்டுக் கட்டுரைகள் கட்டுக்கட்டாக வரும். எல்லாப் பாட்டிக்கும் மாந்தோப்பு இருக்கும். கிணறு ததும்பும். கறவை மாடு நிற்கும். டின் நிறைய முறுக்கும் அதிரசமும் இருக்கும். ஒரு பாட்டிகூட நூறு நாள் வேலைக்குப் போகமாட்டார், ரேஷன் வரிசையில் நிற்கமாட்டார், பென்ஷன் வந்ததா என்று தபால்காரரைக் கேட்கமாட்டார். இந்தக் கட்டுரைகளை நான் திருப்பி அனுப்புகிறேன் என்று பலருக்கு என்மேல் வருத்தம். இனியும் அனுப்புவேன்.

வட கர்நாடகத்தில் ராய்ச்சூர், யாதகிரி பக்கத்துப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். மகனும் மருமகளும் கட்டட வேலைக்குப் பெங்களூரு வந்திருப்பார்கள். பேரப்பிள்ளைகள் வருஷம் முழுக்க அவரிடம்தான். முதியோர் பென்ஷனில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழே என்றால், மாதம் 200 ரூபாய். மாநில அரசு கூடப் போட்டாலும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் காய்க்கும் எவ்வளவு தாங்கும்? பள்ளி நாளில் மதியச் சாப்பாடு பள்ளியிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் பள்ளியை மூடினால் மே கடைசிவரை அந்த வேளையும் பாட்டி தலையில்தான்.

பார்த்துக்கொள்ளப் பாட்டியும் இல்லாத பிள்ளைகள் லீவுக்கு இங்கே வந்துவிடுகிறார்கள். சர்ஜாபூர் சாலைப் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகர ஷெட்டுகளைப் போய்ப் பாருங்கள். தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து நம் ஆட்களும் அங்கே உண்டு. அம்மா விடியற்காலையில் மூன்று செங்கல் அடுப்பில் சோறு வடித்து, தட்டால் மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். தகரம் காய்ந்து, மதியம் பிள்ளை திறக்கும்போது சோறு நீர்விட்டு ஊசிப்போயிருக்கும். அப்புறம் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். அன்றைய மதியம் அதோடு சரி.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே கோடை உணவு 1968-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. பிள்ளை உணவு மையத்துக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது விதி. கிராமத்தில் வீடுகள் மைல் கணக்கில் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது? அதனால் 2023 முதல், மையம் எட்டாத கிராமப்புறங்களில் உணவை வீட்டுக்கு எடுத்துப்போகலாம், வீடு தேடிப் போயும் கொடுக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். 2024 முதல் தகுதியுள்ள பிள்ளைக்குக் கோடைக்கு 120 டாலர் உணவு அட்டையில் போடுகிறார்கள். அதில் சேர மறுத்த மாநிலங்களும் உண்டு.

நமக்கு அந்தத் தூரமே இல்லை. தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. அடுப்பு, அண்டா, சமைக்கிற அம்மா எல்லாம் ஊருக்குள்ளேயே. ஆனால் 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், மதிய உணவு தினமும் உண்டு, பள்ளி விடுமுறை நாள் நீங்கலாக என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த ஒரு வரியோடுதான் என் சண்டை. நாலு வயசுத் தங்கைக்கு அங்கன்வாடியில் வருஷத்துக்கு 300 நாள் சாப்பாடு என்பது கணக்கு. அதே வீட்டு ஏழு வயசு அண்ணனுக்கு மே மாதத்தில் ஒன்றும் இல்லை. சமைக்கிற அம்மாவுக்கும் மத்திய அரசு பங்கு போடும் ஊதியம் வருஷத்தில் 10 மாதத்துக்குத்தான்.

வறட்சி என்று அறிவித்தால் மட்டும் பூட்டு திறக்கும். வறட்சிப் பகுதியில் விடுமுறையிலும் உணவு கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது, 2016-ல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. 2023-ல் கர்நாடகத்தில் 223 தாலுகாக்கள் வறட்சி என்று அறிவிக்கப்பட்டன; 2024 கோடையில் அங்கே சமைத்தும் போட்டார்கள். நல்ல மழை பெய்த வருஷத்தில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பசிக்காதா? கொரோனா வந்த 2020 கோடையில் விடுமுறைக்கும் சேர்த்துக் கொடுக்க மத்திய அரசே ஏறக்குறைய 1,600 கோடி ரூபாய் செலவை ஏற்பதாக அறிவித்தது. அப்படியானால் முடியும் என்றுதானே அர்த்தம்?

முட்டையையும் சொல்லிவிடுகிறேன், கோபக் கடிதங்கள் வரட்டும். கர்நாடகப் பள்ளிகளில் முட்டை கொடுக்கிறார்கள். வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. யார் தட்டிலும் யாரும் திணிப்பதில்லை. பாட்டி வாங்கித்தர முடியாத பொருள் முட்டைதான். ஆகவே அம்மணி, அவசியம்தான். சட்டத்தில் அந்த விடுமுறை வரியை நீக்கட்டும். சமைக்கிற அம்மாவுக்கு 12 மாதமும் சம்பளம் கொடுக்கட்டும். மே மாதத்திலும் முட்டையோடு போடட்டும்.