கிளப்பா, ஞாயிற்றுக்கிழமை லீகா: ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்த தங்கைக்கு

ஹூஸ்டன் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, ஒன்பது வயது மகன் எப்போதும் பந்தும் காலுமாகவே இருக்கிறான், பக்கத்து சாக்கர் (கால்பந்து) கிளப் வருடத்துக்கு 2,800 டாலர் கேட்கிறது, கீழ்வீட்டு மெக்சிகோக் குடும்பம் தங்கள் ஞாயிற்றுக்கிழமை லீகுக்குக் கூப்பிடுகிறது, ஆனால் தெரிந்த தமிழர்கள் எல்லாம் ‘அங்கே அனுப்பாதே’ என்கிறார்கள், என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், கணக்கு டியூஷன், கீபோர்டு வகுப்பு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் சொல்ல இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அனுப்புங்கள். இந்த ஞாயிறே அனுப்புங்கள். நீங்களும் கூடப் போங்கள்.

முதலில் கிளப் விஷயம். அவர்கள் சொல்லும் 2,800 டாலரோடு அது முடியாது. சீருடை தனி, அதையும் அவர்கள் சொல்லும் கம்பெனியில்தான் வாங்க வேண்டும். டோர்னமென்ட் கட்டணம் தனி. டாலஸிலோ சான் அன்டோனியோவிலோ டோர்னமென்ட் என்றால் அவர்கள் குறிக்கும் ஹோட்டலில்தான் அறை எடுக்க வேண்டும் என்று பல இடங்களில் விதியே வைத்திருக்கிறார்கள். உறவினர் வீட்டில் தங்கிக்கொள்கிறோம் என்றால் நடக்காது. மே, ஜூன் மாதங்களில் டிரையவுட் (அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு) வைத்து, ஒரு வருடத்துக்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நடுவில் பிள்ளைக்குப் பிடிக்காமல் போனாலும், உங்கள் கணவருக்கு வேறு ஊரில் பிராஜெக்ட் வந்தாலும் பணம் திரும்பி வராது. அப்புறம் ஒரே வயதில் மூன்று நான்கு அணிகள் வைத்திருப்பார்கள். நல்ல பயிற்சியாளர் முதல் அணிக்குப் போவார். மூன்றாவது அணிப் பெற்றோரும் கிட்டத்தட்ட அதே தொகையைத்தான் கட்டுகிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் வந்து பயிற்சிக் கூம்புகளை அடுக்குவார்.

ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று எந்தக் கிளப்காரர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நம்மவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். டெக்சாஸில் நாம் எல்லாரும் கனவு காணும் ஆஸ்டின் யூனிவர்சிட்டியிலும் சரி, டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிலும் சரி, ஆண்களுக்குப் பல்கலைக்கழக சாக்கர் அணி கிடையாது. பெண்கள் அணி மட்டும்தான். அணி வைத்திருக்கும் முதல்நிலைக் கல்லூரிகளிலும் பல வருடங்கள் ஒரு ஆண்கள் அணிக்கு மொத்தமே 9.9 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பாக இருந்தது. அதைத்தான் இருபது முப்பது பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அந்த விதி இப்போது மாறியிருக்கிறது, ஆனாலும் கிளப்புக்குப் பத்து வருடம் கட்டும் பணத்தைக் கல்லூரிக்கென்று சேமித்து வைப்பதுதான் கணக்குக்கு ஒத்து வரும். மகள் என்றால் நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். பெண்பிள்ளைகளுக்கு மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாட்டுக் குடும்பங்கள் நடத்தும் லீகுகளில் அணிகள் குறைவு, கிளப் பக்கம் வாய்ப்பு அதிகம்.

இனி லீக். நான் 2008 கோடையில், கணவரின் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குத் தரும் எச்4 விசாவில் வந்தவள். அப்போது எச்4-இல் வேலை பார்க்க முடியாது; அந்த அனுமதி ஒரு பகுதியினருக்காவது கிடைத்தது 2015-இல்தான். லைசென்ஸ் இல்லை, கார் ஒன்றுதான், அதையும் கணவர் ஆபீசுக்கு எடுத்துப் போய்விடுவார். ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பக்கம் ஒரு பழைய அபார்ட்மென்ட். மளிகைக் கடைக்கு நடந்து போய்விடலாம், மற்ற எதற்கும் யாரையாவது கெஞ்ச வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் பலர் புறநகரான ஷுகர்லேண்டில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். எங்கள் அபார்ட்மென்ட் பெயரைச் சொன்னாலே ‘அங்கேயா இருக்கீங்க’ என்பார்கள். அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

செப்டம்பரில் ஐக் புயல் வந்தது. எங்கள் பகுதியில் இரண்டு வாரம் போல கரண்ட் இல்லை. எதிர்வீட்டில் மெக்சிகோவின் மான்டெர்ரே நகரத்திலிருந்து வந்த குடும்பம். அந்த அம்மாதான் வெளியே கிரில் அடுப்பை வைத்து, முதலில் என் பையனுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார். நாங்கள் அசைவம் சாப்பிடாதவர்கள் என்று புரிந்துகொண்டு தனி வாணலி கொண்டு வந்து வைத்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது. அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

இரண்டு மூன்று வருடம் கழித்து அவர்கள் வண்டியில்தான் என் பையன் லீகுக்குப் போனான். அவர் வீட்டில் புருஷன் டிக்ரெஸ் ரசிகர், மச்சினன் ரயாடோஸ் ரசிகர். மான்டெர்ரேயின் அந்த இரண்டு அணிகளும் மோதும் நாளில் ஒரே மேசையில் சாப்பிட மாட்டார்கள். பந்து அவர்கள் வீட்டில் அப்படி இருந்தது. கோச்சைப் பிள்ளைகள் ‘புரோஃபே’ என்று கூப்பிடுவார்கள். எங்கள் புரோஃபே கூரை வேய்கிற தொழிலாளி. ஹூஸ்டன் வெயிலில் நாள் முழுக்கக் கூரை மேல் நின்றுவிட்டு, அதே பூட்ஸோடு சாயங்காலம் மைதானத்துக்கு வருவார். ஒரு டாலர் சம்பளம் கிடையாது. சீசனுக்கு நாங்கள் கொடுத்தது நூறு டாலருக்குள்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவர் கூலியை எல்லாரும் பங்கு போட்டுக் கையில் காசாகக் கொடுப்போம். அதனால் சில்லறை எடுத்துப் போங்கள்.

மைதானத்தில் புல்லை விட மண்ணே அதிகம் இருக்கும். அதற்காக முகம் சுளிக்காதீர்கள். நல்ல செயற்கைப் புல் மைதானங்களைப் பணமுள்ள கிளப்புகள் முன்பே எடுத்துவிடுகின்றன. இவர்களுக்கு மிஞ்சியதுதான் கிடைக்கிறது. ஆனால் அந்த மண்ணில் பந்து தாறுமாறாகத் துள்ளும், அதைக் காலில் அடக்கப் பிள்ளை தானே கற்றுக்கொள்வான். தன் ஆட்டம் முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அண்ணன் ஆட்டம், பிறகு அப்பா ஆட்டம், நடுவே ஓரத்தில் சின்னதும் பெரியதுமாகச் சேர்ந்து இரண்டு செருப்பை கோல் போஸ்டாக வைத்து ஆடுவார்கள். என் பையன் பந்தைக் கற்றது அந்த ஓரத்தில்தான். கிளப்பில் வாரத்துக்கு இரண்டு பயிற்சி, ஒரு ஆட்டம், அவ்வளவுதான் கிடைக்கும்.

இப்போது எச்சரிக்கைகள். இவற்றை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லீக் நடத்துபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, மாநில சாக்கர் சங்கத்தில் பதிவு உண்டா, பிள்ளைக்கு பிளேயர் கார்டு (ஆட்டக்காரர் அடையாள அட்டை) தருவீர்களா என்று. பதிவு இருந்தால் நம் இன்ஷூரன்ஸ் போக மீதிக்கு ஒரு விபத்துக் காப்பீடு இருக்கும், பயிற்சியாளர்களின் பின்னணியையும் சரிபார்ப்பார்கள். பதிவில்லாத லீகும் நன்றாக நடக்கலாம், ஆனால் அங்கே பிள்ளையை இறக்கிவிட்டுப் போகாதீர்கள், ஆட்டம் முடியும்வரை இருங்கள். அடுத்தது தலையால் முட்டுவது. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் பந்தை முட்டக் கூடாது என்று அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு 2015-இலேயே சொல்லிவிட்டது. பதிவில்லாத லீகுகளில் சிலர் இதைப் பார்ப்பதில்லை. புரோஃபேயிடம் நேராகச் சொல்லுங்கள், மதிப்பார். பிறப்புச் சான்றிதழ் கேட்டால் கோபப்படாதீர்கள். வயது கூடிய பையனை இறக்கிவிடுவது பழைய தலைவலி. 1988-இல் மெக்சிகோவின் இளைஞர் அணியிலேயே அப்படி நடந்து, ஃபிஃபா தடை விதித்து, அந்த நாடு 1990 உலகக் கோப்பைக்கே போக முடியாமல் போனது. இடி கேட்டால் நடுவர் என்ன சொன்னாலும் பிள்ளையைக் காருக்குள் கூட்டி வந்துவிடுங்கள்.

இன்னொன்று. அங்கே யாரிடமும் விசா, பேப்பர் என்று பேச்செடுக்காதீர்கள். மற்றவர் பிள்ளைகள் இருக்கும் படத்தை வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போடாதீர்கள். குடியேற்றச் சோதனை நடக்கிறது என்று பேச்சு பரவிய வாரங்களில் பாதி அணி வராமலே போனதை நான் பார்த்திருக்கிறேன். விசா புதுப்பிக்கிற பயம் நமக்கும் தெரியும், அவர்கள் பயம் அதைவிடப் பெரியது.

‘பாதுகாப்பு இல்லை’ என்று உங்களிடம் சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த மைதானத்தில் ஒரு முறையாவது நின்றிருப்பார்கள்? தன் வீட்டுப் புல்லை வெட்டுபவரின் பிள்ளையோடு தன் பிள்ளை ஆடக் கூடாது என்பதுதான் இதில் பாதி. இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும். நம் ஊரில் எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருவில் ஆடலாம் என்று பார்த்த அதே கண்ணை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

கிளப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பையன் பதிமூன்று வயதில் தானாகக் கேட்டான், இரண்டு வருடம் அனுப்பினோம். அங்கே எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், அது உண்மை. இங்கிருந்து இரண்டரை மணி நேரத்தில் இருக்கும் நாகடோசஸ் ஊரில் வளர்ந்த கிளின்ட் டெம்ப்ஸி மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளைகளோடு ஆடித்தான் வளர்ந்தார். அமெரிக்காவுக்காக 57 கோல் அடித்தவர், மூன்று உலகக் கோப்பைகளில் கோல் போட்டவர். அவருக்கும் டாலஸ் கிளப் தேவைப்பட்டது. வீட்டில் பணம் போதாமல் நடுவில் நின்றபோது அணியின் மற்றப் பெற்றோர்கள்தான் கை கொடுத்தார்கள். அந்தக் கை கிடைக்காமல் நின்றுபோன நல்ல பிள்ளைகளை நான் அந்த மண் மைதானத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் அணியிலேயே என் பையனை விட நன்றாக ஆடிய இரண்டு பேருக்குக் கிளப் வாசல் தெரியாது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை. உங்கள் மகன் பின்னால் கிளப்புக்குப் போனால், பண உதவி உண்டா என்று அவனுக்கு மட்டுமல்லாமல் அவன் தோழனுக்கும் சேர்த்துக் கேளுங்கள். பல கிளப்புகளில் உண்டு, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள்.

ஹைஸ்கூல் வந்ததும் பள்ளி அணி இருக்கிறது, குளிர்காலத்தில் ஆரம்பித்து வசந்தத்தில் முடியும், செலவு சொற்பம். அதுவரை அவசரமே இல்லை.

நான் ஸ்பானிஷ் கற்றது அந்தக் கோட்டோரத்தில். அணியின் பதிவுப் படிவங்களை இங்கிலீஷில் நிரப்புவது என் வேலையானது. விசா வேலை செய்யவிடாத வருடங்களில் என்னை நம்பி ஒப்படைத்த வேலை அது ஒன்றுதான். மாங்காய் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொண்டுபோனேன், அவர்கள் எலுமிச்சையும் பிழிந்து அதையே கொண்டுவந்திருந்தார்கள். பிறகு பை நிறைய வாங்கிப் போய் அங்கேயே நறுக்க ஆரம்பித்தோம்.

ஞாயிறு காலை மடக்கு நாற்காலி, தொப்பி, நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், முழங்காலுக்குக் கீழே காலைக் காக்கும் ஷின் கார்டு மறக்க வேண்டாம். உங்கள் கணவர் தயங்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரையும் அழைத்துப் போங்கள். கோட்டோரம் கொடி பிடிக்க அங்கே எப்போதும் ஆள் தேவைப்படும், கையில் கொடுத்துவிடுவார்கள்.