கேள்வி – பதில்: தரையில் கிடக்கும் குஞ்சை எடுக்கலாமா?

கேள்வி: நடைப்பயிற்சிக்குச் சென்றபோது, மரத்தடியில் ஒரு மைனாக் குஞ்சு பறக்க முடியாமல் தத்திக்கொண்டிருந்தது. பூனை கவ்விவிடுமே என்று வீட்டுக்கு எடுத்து வந்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பாலில் நனைத்த ரொட்டியைக் கொடுத்தால் வாயைத் திறக்க மறுக்கிறது. நான் செய்தது சரிதானா?

பதில்: உங்கள் இரக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் காப்பாற்றியதாக நினைக்கும் அந்தக் குஞ்சை, பெரும்பாலும் அதன் பெற்றோரின் கண்ணெதிரிலேயே தூக்கி வந்திருக்கிறீர்கள். தத்திக்கொண்டிருந்தது என்று நீங்களே எழுதியிருப்பதால், அது தவறி விழுந்த குஞ்சாக இருக்க வாய்ப்புக் குறைவு. தானாகவே கூட்டை விட்டு இறங்கிய குஞ்சாகத்தான் இருக்கும். மைனா, காகம் போன்ற பல பறவைகளின் குஞ்சுகள், நன்றாகப் பறக்க வருவதற்குச் சில நாள் முன்பே கூட்டை விட்டுவிடுகின்றன. பெட்டியைத் திறந்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். உடலெங்கும் இறகு மூடியிருக்கும். வால் மட்டும் யாரோ கத்தரித்து விட்டதுபோலக் குட்டையாக இருக்கும். வாயோரத்து மஞ்சள் மடிப்பு இன்னும் மறைந்திருக்காது. தலையில் நாலைந்து பஞ்சு மயிர்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தப் பருவத்தில் தரையிலும் புதரிலும் தத்தித் திரிவதுதான் அதன் பள்ளிக்கூடம். அலகில் புழுவுடன் தாய் சற்றுத் தள்ளியுள்ள கிளையில் அமர்ந்து, நாம் எப்போது நகர்வோம் என்று காத்திருக்கும். நாம் நிற்கும் வரை அது இறங்காது. அது இறங்காததைப் பார்த்து, தாயில்லாக் குஞ்சு என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆகவே இன்றே அதை எடுத்த இடத்துக்குக் கொண்டுபோய், அருகிலுள்ள புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு, நன்றாகத் தள்ளி நின்று இரண்டு மணி நேரம் கவனியுங்கள். வீட்டுப் பூனையாக இருந்தால், சில நாள் அடைத்து வைக்க வேண்டியது அந்தப் பூனையைத்தான்.

பால் ரொட்டியை உடனே நிறுத்துங்கள். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. தண்ணீரையும் வாயில் ஊற்ற வேண்டாம். பறவையின் மூச்சுக்குழல் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறப்பதால், ஊற்றும் நீர் அதற்குள் போய்விடும். பத்து வயதில் நான் இங்க் ஃபில்லரால் ஒரு குஞ்சுக்கு நான்கு சொட்டுத் தண்ணீர் புகட்டினேன். மூக்குத் துளையில் சிறு குமிழிகள் வந்தன. அது குடிக்கிறது என்று மகிழ்ந்தேன். ஒரு மணி நேரம்கூட அது உயிரோடு இருக்கவில்லை.

கேள்வி: மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்த்துக்கொள்ளாது என்கிறார்களே?

பதில்: சேர்த்துக்கொள்ளும். பறவைகளுக்கு மோப்ப உணர்வு அறவே இல்லை என்பதன்று. ஆனால் நம் வாடைக்காக ஒரு பறவை தன் குஞ்சைக் கைவிடுவதில்லை. குழந்தைகள் கூட்டைக் கலைத்துவிடாமல் இருக்கப் பெரியவர்கள் கட்டிவிட்ட கதையாக இருக்கலாம். அந்த வகையில் அது நல்ல பொய்தான். கூட்டில் திருப்பி வைக்க வேண்டிய குஞ்சையும் வீட்டுக்குத் தூக்கி வரச் செய்வதால் கெட்ட பொய்யாகிவிட்டது.

கேள்வி: கண்கூடத் திறக்காத, இறகு முளைக்காத குஞ்சாக இருந்தால்?

பதில்: அங்கேதான் நம் கை தேவைப்படுகிறது. உள்ளங்கையில் பொத்தி உடல் சூட்டை மீட்டபின், கூட்டிலேயே வைத்துவிடுங்கள். கூடு சிதைந்திருந்தால், நீர் வடியும்படி அடியில் துளையுள்ள சிறு கூடையில் காய்ந்த புல்லைப் பரப்பி, அதே மரத்தில் கட்டி, குஞ்சை அதில் விடுங்கள். குரலைக் கேட்டுப் பெற்றோர் பெரும்பாலும் வந்துவிடும். அவை வரவே இல்லை என்றாலும், குஞ்சுக்குக் காயம் இருந்தாலும், காட்டுயிர் மீட்பு மையத்தையோ கால்நடை மருத்துவரையோ நாட வேண்டும். பூனை கவ்விய குஞ்சு என்றால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றே காட்டியாக வேண்டும். பூனையின் வாயிலுள்ள கிருமிகள் ஊசிமுனைத் துளை வழியாகவே இரத்தத்தில் கலந்து, ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும். எப்போதும் வானில் பறந்தே திரியும் சிறு பறவையான உழவாரனின் குஞ்சு தரையில் கிடந்தாலும் காத்திருக்க வேண்டாம். அது தத்தித் திரியும் இனமன்று, கூட்டை விட்ட உழவாரனைப் பெற்றோர் தேடி வந்து ஊட்டுவதும் இல்லை.

கேள்வி: நாமே வளர்த்துப் பெரிதாக்கிப் பறக்கவிட்டால் என்ன தவறு?

பதில்: முதலில் உங்களால் முடியுமா என்று பாருங்கள். சின்னஞ்சிறு குஞ்சுக்கு விடியல் முதல் இருட்டும் வரை ஏறத்தாழ கால் மணிக்கு ஒருமுறை இரை வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் எலும்பு வளைந்து, இறகு முழுதாக வளர்ந்த பிறகும் பறக்க முடியாமல் போகும். இவை அனைத்தையும் நீங்கள் பொறுமையாகச் செய்துவிடக்கூடும்; கற்பிக்க வேண்டியதை எப்படிக் கற்பிப்பீர்கள்? பருந்தின் நிழல் விழுந்தால் எங்கே ஒளிவது, இரையை எங்கே தேடுவது, தன் இனத்தார் எழுப்பும் எச்சரிக்கைக் குரல் எது என்பதையெல்லாம் பெருமளவு பெற்றோரிடமிருந்தே குஞ்சு கற்றுக்கொள்கிறது. 1950களில் இங்கிலாந்தின் விலங்கு நடத்தை ஆய்வாளர் வில்லியம் தோர்ப், சாஃபிஞ்ச் என்னும் சிறு பறவையின் குஞ்சுகளைத் தனிமையில் வளர்த்துப் பார்த்தார். அவை பாடத்தான் செய்தன. ஆனால் அவற்றின் இனத்துக்குரிய பாட்டாக அது அமையவில்லை. 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கொன்ராட் லோரன்ஸ், பொரித்தவுடன் தம்மைக் கண்ட வாத்துக் குஞ்சுகள் தம்மையே தாயாகக் கொண்டு பின்தொடர்ந்ததை விரிவாக ஆராய்ந்தார். அவர் பின்னால் அவை வரிசையாகச் செல்லும் படத்தைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. மனிதரைக் கண்டு அஞ்சாத காட்டுப் பறவையோ வெளியே விட்டதும், முதலில் எதிர்ப்படும் குறும்புச் சிறுவனின் தோளில் போய் உட்காரும்.

குஞ்சு மனிதரோடு ஒட்டிவிடுமோ என்று தேர்ந்தவர்களே எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதற்குக் கலிபோர்னியா காண்டர் கழுகு சான்று. 1987இல் உலகில் 27 மட்டுமே எஞ்சிய அந்த இனத்தை மீட்டபோது, குஞ்சுகள் மனித முகத்தைக் காணாதபடி, தாயின் தலை போலச் செய்த பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு இரையூட்டினார்கள். இனமே அழியும் நிலையில் அவர்கள் பட்ட அந்தச் சிரமத்தை, ஊரெல்லாம் பெருகிக் கிடக்கும் மைனாவுக்காக நீங்கள் படவேண்டியதில்லை. பல நாடுகளில் காட்டுப் பறவையை அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வாசல் மரத்துக் காகம் போகிறவர் வருகிறவர் தலையிலெல்லாம் கொத்துகிறது. விரட்ட என்ன வழி?

பதில்: காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அக்கம்பக்கத்துப் புதரில் அதன் குஞ்சு இறங்கியிருக்கும், தேடிப் போகாதீர்கள். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம், குடை பிடித்துக்கொண்டு நடந்து செல்லுங்கள்.