பனிக்கட்டி துளைக்கும் எரிவாயு இயந்திரம்: வாசகர் கேள்விகளும் எமது பதில்களும்

கேள்வி: என் தம்பி கனடாவில் மானிரோபா மாகாணத்தில் இருக்கிறான். பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. இதுவரை நண்பர்களின் பெற்றோல் இயந்திரத்தை இரவல் வாங்கியவன், இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறான். புரொப்பேன் எரிவாயுவில் இயங்குவது நல்லதா, பெற்றோலா, பற்றரியா என்று என்னிடம் கேட்கிறான். நான் இறைப்பு இயந்திரங்கள் திருத்துபவன். அந்த இயந்திரத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. அவனுக்கு என்ன சொல்லலாம்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தச்சரின் துறப்பணத்தை ஓர் ஆள் இடுப்பளவுக்குப் பெரிதாக்கி, அதன் தலையில் சிறியதோர் எஞ்சினைப் பொருத்தினால் அதுதான் நீங்கள் கேட்கும் இயந்திரம். ஆங்கிலப் பெயரை ஒட்டி அங்குள்ள நம்மவர்கள் ‘ஓகர்’ என்கிறார்கள். பெரும்பாலும் 15 முதல் 25 சென்ரிமீற்றர் வரை விட்டமுள்ள துளையை அது இடும். றொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரியில் என் மருமகனுடன் ஒரு நாள் முழுவதும் நின்று, பெற்றோலில் ஒன்றும் புரொப்பேனில் ஒன்றுமாக இரண்டு ஓகர்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அன்று மாலை இரண்டினதும் ஸ்பாக் பிளக்கைக் கழற்றிக் காட்டும்படி கேட்டேன். எண்ணெய் கலந்த பெற்றோலில் ஓடிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் பிளக் கரி அப்பி, விரலில் ஒட்டும் ஈரத்துடன் இருந்தது. புரொப்பேனில் ஓடிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் பிளக் வெளிர்ந்த மண்ணிறத்தில், நேற்றுத்தான் பொருத்தியதுபோல உலர்ந்திருந்தது. உங்கள் தொழிலில் இருப்பவருக்கு அந்த இரண்டு பிளக்குகளே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

மீதிப் பாதி காபரேற்றரில் இருக்கிறது. மாரி முழுவதும் கொட்டிலில் கிடந்த இறைப்பு இயந்திரத்தைச் சிறுபோகத்துக்கு எடுத்தால், தொட்டியில் மிஞ்சிய பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளையை அடைத்திருப்பதை நீங்கள் எத்தனை தரம் கண்டிருப்பீர்கள்! ஓகருக்கு ஆண்டில் மூன்று நான்கு மாதங்கள்தான் வேலை. மற்றைய மாதங்களில் அது சும்மா கிடக்கும். புரொப்பேன் எத்தனை ஆண்டுகள் சிலிண்டரில் இருந்தாலும் கெடுவதில்லை, பிசினாவதில்லை. எண்ணெய் கலக்கும் வேலையில்லை. கையிலும் மீனிலும் பெற்றோல் மணம் ஏறுவதில்லை. இந்த இயந்திரத்தை வாங்குவதற்குரிய மிக வலுவான நியாயம் இதுதான் என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. இதற்குப் பயன்படுவது சுமார் 465 கிராம் புரொப்பேன் கொண்ட, ஒருமுறை பாவித்து ஒதுக்கும் சிறு சிலிண்டர். திரவ புரொப்பேன் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். அன்று சிம்கோவில் பத்துப் பன்னிரண்டு துளைகள் போட்டு முடிப்பதற்குள் சிலிண்டரின் அடிப்பாதியில் வெண்பூச்சுப்போல உறைபனி படிந்துவிட்டது. புரொப்பேனின் கொதிநிலை −42 பாகை. −30 பாகைக் குளிரில் சிலிண்டருக்குள்ளிருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்குமேயொழிய அதிகம் இராது, எஞ்சின் திணறும். மானிரோபாவில் அத்தகைய குளிர் அரிதன்று. ஆகவே அடுத்த சிலிண்டரைச் சட்டைக்குள் வைத்து உடற்சூட்டில் காத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெருப்பில் காட்டிச் சூடாக்கும் எண்ணம் அவனுக்கு ஒருபோதும் வரக் கூடாது. பயணத்தில் இயந்திரத்தைக் கிடையாகப் போட்டால் ஆவி செல்லவேண்டிய வழியில் திரவம் இறங்கி ரெகுலேற்றர் உறையக்கூடும் என்பதால், நிமிர்த்திச் சிறிது நேரம் விட்ட பின்னரே இயக்க வேண்டும். எரிவாயு உள்ளே வரும்போது காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அதே அளவு பெற்றோல் எஞ்சினைவிட வலு சற்றுக் குறையும். பாரம் பெற்றோல் ஓகரைப் போன்றதே; ஏறக்குறைய 15 கிலோ.

பற்றரி ஓகர் இலேசானது, சத்தமில்லாதது, பொத்தானை அழுத்தினால் சுழலும். ஆனால் லித்தியம் பற்றரி கடுங்குளிரில் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்துவிடும்; உறைநிலைக்குக் கீழே அதை மின்னேற்றவும் கூடாது.

தம்பி வார இறுதியில் அரை நாள் சென்று ஏழெட்டுத் துளை போடுபவன் என்றால் பற்றரியே போதும். இன்றைக்கு நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். மின்வசதிக்கு எட்டாத ஏரியில் இரண்டு மூன்று நாள் தங்கி, ஒரு மீற்றர் தடித்த பனிக்கட்டியில் இடம் மாற்றி மாற்றி நாற்பது ஐம்பது துளை போடுபவன் என்றால் புரொப்பேன் வாங்கட்டும். புதிதாகப் பெற்றோல் ஓகர் வாங்குவதற்கு அவனுக்குக் காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் மகன் பனி ஏரியின் மேல் கூடாரமடித்து, குளிர் உள்ளே வராமல் மூடிக்கொண்டு மீன் பிடிப்பதைக் காணொளியில் காட்டினான். எரிவாயு இயந்திரம் புகைக்காதாம். ஆகையால் கூடாரத்துக்குள்ளேயே இயக்கலாமாம். எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அவன் சொல்வது சரியா?
– ஒரு தாய், முள்ளியவளை

பதில்: அம்மா, உங்கள் நெஞ்சு பதைப்பது நியாயமே. பெற்றோல் இயந்திரத்தைவிடப் புகை குறைவு என்பது உண்மை. அதனால் நஞ்சு இல்லை என்பது உண்மையன்று. எந்த எரிபொருளும் முழுமையாக எரியாதபோது காபன் மொனொக்சைட் உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நமக்குத் தெரியும் எரிவாயுவின் மணம், கசிவை அறிவதற்காகச் சேர்க்கப்படுவது; எரிந்த பின் அந்த மணமும் போய்விடும்.

நம் பகுதியில் கோடையில் நீர் இறங்கியதும், இறைப்பு இயந்திரத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கும் வழக்கம் உண்டல்லவா? நிறுத்துவதற்கு இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்த செய்திகளை நாம் கேட்டிருக்கிறோம். மூடிய கூடாரமும் அந்தக் கிணறும் ஒன்றே என்று மகனுக்குச் சொல்லுங்கள். அவன் வன்னியில் வளர்ந்த பிள்ளையானால் அது ஒன்றே போதும், அவனுக்கு விளங்கும்.

முதலில் துளைகளை இட்டு, இயந்திரத்தை அணைத்து வெளியே வைத்த பின்னரே கூடாரத்தை அந்தத் துளைகளின்மேல் நிறுத்த வேண்டும். உள்ளே எரிவாயு அடுப்போ சூடாக்கியோ இருந்தால், மேலேயும் கீழேயும் காற்று வரும் வழி திறந்திருக்க வேண்டும். பற்றரியில் இயங்கும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி அங்கே சாதாரண கடைகளிலேயே கிடைக்கும். அதை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துங்கள். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் தெரிந்தால் குளிர்க் காய்ச்சல் என்று எண்ணாமல் உடனே வெளியே வர வேண்டும். எரியாத புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் கூடாரத்தின் தரையில்தான் தேங்கும். ஆகவே பாவிக்காத சிலிண்டர்களும் வெளியே இருக்கட்டும்.

ஏரியின் மேல் நடப்பதற்குத் தெளிவான, புதிய பனிக்கட்டி குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பாவது இருக்க வேண்டும் என்பது அங்கு பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வெண்மையான பனிக்கட்டியின் பலம் அதில் பாதிதான். ஓகர் கையில் இருப்பதன் பயன்களில் ஒன்று, போகப் போகத் துளையிட்டுத் தடிப்பை அளந்து செல்லலாம் என்பது.

கேள்வி: கனடாவிலுள்ள என் அண்ணன் புதிதாகப் பற்றரி ஓகர் வாங்கிவிட்டதால், தன் புரொப்பேன் ஓகரை எனக்கு அனுப்புவதாகச் சொல்கிறார். என்னிடம் இரண்டு ஏக்கர் காணி உண்டு. சுற்றிவர வேலித் தூண் நாட்டக் கிடங்கு தோண்டவேண்டும். அலவாங்கால் இடித்து இடித்துக் கை சலித்துவிட்டது. வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், விசுவமடு

பதில்: அண்ணனின் அன்பைப் பெற்றுக்கொள்ளுங்கள், இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கான காரணங்களை விரிவாகச் சொல்வது என் கடமை.

பனிக்கட்டி மேலிருந்து கீழ்வரை ஒரே தன்மையானது. அதைச் சீவுவதற்கென்று தீட்டப்பட்ட, சவர அலகு போன்ற தகடுகள் நம் கிரவலில் ஒரே கிடங்கில் மழுங்கிவிடும். தகட்டை மாற்றி மண் துளைக்கும் திருகைப் பொருத்தினாலும், கோடையில் கல்லாக இறுகும் செம்மண்ணுக்கு வேண்டிய முறுக்குவிசையைக் கருதி அந்த எஞ்சினும் கியரும் அமைக்கப்படவில்லை. பாலை மர வேரில் திருகு சிக்கி நின்றால், எஞ்சின் நிற்காமல் கைபிடியைச் சுழற்றும். மணிக்கட்டும் தோளும் திரும்பிவிடும்.

அடுத்தது சிலிண்டர். அந்தச் சிறு சிலிண்டர்கள் நம் கடைகளில் கிடைப்பதில்லை. விமானத்தில் பயணப் பொதியாக எரிவாயுச் சிலிண்டரைக் கொண்டுவர முடியாது. அப்படியானால் வீட்டுச் சிலிண்டரில் பொருத்திப் பார்க்கலாம், அல்லது வெறுஞ் சிலிண்டரை அதிலிருந்து நிரப்பலாம் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். நம் வீட்டு எரிவாயு தூய புரொப்பேன் அன்று. புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. 2021 இறுதியில் நாடு முழுவதும் அடுத்தடுத்து நேர்ந்த எரிவாயு வெடிப்புகளின்போது அந்தக் கலவையின் விகிதம் எவ்வளவு பேசப்பட்டது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஒருமுறை பாவிக்கும் சிலிண்டரின் சுவர் மெல்லியது, வால்வு மறுபடி நிரப்புவதற்கு உரியதன்று. 30 பாகை வெயிலில் புரொப்பேனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். திரவம் விரிவதற்கு இடம் விடாமல் நிரப்பிய சிலிண்டரை விசுவமடு வெயிலில் வேலியோரம் வைத்தால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். எதையும் எதிலும் ஓட்டிவிடலாம் என்ற துணிவு அன்று நம்மைக் காப்பாற்றியது உண்மை. அழுத்தத்தில் அடைபட்ட வாயுவிடம் அந்தத் துணிவு செல்லாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. முகமாலைப் பக்கம் போர் முடிந்து பத்தாண்டுகள் கடந்தும் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. உங்கள் காணி முறையாகப் பரிசோதித்துக் கையளிக்கப்பட்டதா என்பதை உறுதிசெய்யாமல் எந்த இயந்திரத்தையும் மண்ணில் இறக்க வேண்டாம். அலவாங்கோ மண்வெட்டியோ தட்டும்போது உலோகச் சத்தம் கேட்டுக் கை நிற்கும். சுழலும் திருகுக்கு அந்தக் காது இல்லை. ஐயமான பொருள் எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகி, அடையாளமிட்டு, 119 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

அண்ணனிடம் அந்த ஓகரை அங்கேயே விற்கச் சொல்லுங்கள். நிலம் துளைக்கும் பெற்றோல் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க அந்தப் பணம் உதவும். பழுதானால் இங்கேயே திருத்தவும் முடியும். காணி பாதுகாப்பானது என்று உறுதியாயின், ஐப்பசி மழை இரண்டு பெய்து மண் இளகும்வரை பொறுத்துத் தொடங்குங்கள். இரண்டடிக் கிடங்குக்கு அலவாங்குகூடப் பாதி உழைப்புத்தான் கேட்கும்.

கேள்வி: எரிவாயுவில் எஞ்சின் இவ்வளவு சுத்தமாக ஓடுமென்றால், எங்கள் பெற்றோல் இறைப்பு இயந்திரத்தை எரிவாயுவுக்கு மாற்றலாமா?
– இளம் விவசாயி, மாங்குளம்

பதில்: மாற்றலாம், அதற்குரிய கலப்பானும் ரெகுலேற்றரும் உண்டு. 12.5 கிலோ சிலிண்டரிலுள்ள சக்தி ஏறக்குறைய 18 லீற்றர் பெற்றோலுக்குச் சமம். வாங்கும் நாளின் இரண்டு விலைகளையும் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 2022இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாம் ஒருங்கே வரிசையில் நின்றோம் என்பதால், ஒன்றை விட்டு மற்றதை நம்புவதைவிட இரண்டிலும் ஓடக்கூடியதாக மாற்றுவது நல்லது. பயிற்சி பெற்றவரைக் கொண்டே மாற்றுங்கள். சிலிண்டரை நிழலில், நிமிர்த்தி, எஞ்சினிலிருந்து சில மீற்றர் தள்ளி வையுங்கள். கிணற்றுக்குள் மட்டும் அதை இறக்காதீர்கள்.