எம்.பி.ஏ. சீட் கிடைத்துவிட்டது, கடன் வாங்கலாமா?

கேள்வி: வயது 27. மென்பொருள் துறையில் நான்கு வருட அனுபவம். ஒரு பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூலில் இரண்டு வருட முழுநேர எம்.பி.ஏ.வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் என்னுடைய 20 மாதச் சம்பளம். தங்க, சாப்பிட இன்னொரு 10 மாதச் சம்பளம். கையில் சேமிப்பு 10 மாதச் சம்பளம் அளவுக்கு இருக்கிறது. மீதியை 11% வட்டியில் கல்விக் கடனாக வாங்கலாம் என்று நினைக்கிறேன். அப்பா வீட்டுப் பத்திரத்தையே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். போகலாமா?

பதில்: முதலில் அந்தப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அடமானம் கொடுத்தால் வட்டி கொஞ்சம் குறையலாம். ஆனால் வேலை கிடைக்கத் தாமதமானால் பதில் சொல்ல வேண்டியது நீங்களாக இருக்கட்டும், அப்பாவின் கூரையாக இருக்க வேண்டாம்.

கணக்கைச் சம்பள மாதத்திலேயே போட்டிருக்கிறீர்கள். நல்ல பழக்கம், நானும் அப்படியே போடுகிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவதைத்தான் சம்பளம் என்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கணக்கில் ஒரு பெரிய செலவு விட்டுப்போயிருக்கிறது. இரண்டு வருடம் வராமல் போகும் சம்பளம்! அது 24 மாதம். தங்க, சாப்பிட ஆகும் செலவு வேலையில் இருந்தாலும் ஏறக்குறைய ஆகத்தான் போகிறது, அதைத் தள்ளிவிடுவோம். கட்டணம் 20, இழக்கும் சம்பளம் 24. படிப்பின் உண்மையான விலை 44 மாதச் சம்பளம். இதில் வட்டி சேரவில்லை.

இப்போது கடன். 20 மாதச் சம்பளத்தை வருடத்துக்குப் பாதியாக வாங்குகிறீர்கள், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பம் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை வட்டி சும்மா இருக்காது. தனிவட்டி போட்டாலே முதல் தவணைக்கு முன் கடன் 25.5 மாதச் சம்பளம் ஆகிவிடும். பத்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை இன்றைய சம்பளத்தில் 35%. கடைசியில் 20 வாங்கி 42 கட்டியிருப்பீர்கள்.

சம்பளம் ஏறுமே என்பீர்கள். ஏறட்டும். வேலையை விடாமல் இருந்தாலும் வருடம் 8% ஏறினால், இரண்டு வருடத்தில் இன்றைய 100 ரூபாய் சுமார் 117 ஆகியிருக்கும். படித்து வந்து 150 கிடைத்தால், படிப்பு கொடுத்த லாபம் 33 தான். தவணை 35! பத்து வருடம் பட்டம் சம்பாதிப்பதை எல்லாம் வங்கி வாங்கிக்கொள்ளும். அதுவே 200 கிடைத்தால் லாபம் 83. தவணை போக 48 மிஞ்சும். வட்டியை விட்டுவிட்டு முழு 83ஐயும் எண்ணினால், அந்த 44 மாதச் சம்பளமும் நாலரை வருடத்துக்குள் திரும்பிவிடும். ஆக, உங்கள் கேள்விக்கு விடை 150க்கும் 200க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

அது எங்கே என்று கல்லூரியின் பிளேஸ்மென்ட் அறிக்கை சொல்லும், படிக்கத் தெரிந்தால். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது சராசரிச் சம்பளம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 1, ஒருவருக்கு 11 கிடைத்தாலும் சராசரி 2 வரும். அந்த ஒன்பது பேரில் யாருக்கும் 2 கிடைக்கவில்லை. எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன, அதாவது மீடியன் என்ன என்று கேளுங்கள். கூடவே மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேர் சம்பளத்தைச் சொன்னார்கள், படிப்பு முடிந்து மூன்று மாதத்துக்குள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதும் வேண்டும். பிசினஸ் ஸ்கூல்களுக்கான சர்வதேச அங்கீகாரங்களான ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா இருந்தால் நல்லதுதான். ஆனால் அது கல்லூரியின், பாடத்தின் தரத்துக்குச் சான்று, உங்கள் சம்பளத்துக்கு அல்ல.

எந்த வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. அதைக் கவனித்தீர்களா? மென்பொருளை விட்டு நிதித்துறைக்கோ கன்சல்டிங்குக்கோ போவதாக இருந்தால் இரண்டு வருடப் படிப்புக்கு அர்த்தம் உண்டு. நடுவில் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்தான் பலருக்குப் புதிய துறையின் கதவைத் திறக்கிறது. இருக்கும் துறையிலேயே மேலாளர் ஆக வேண்டும் என்றால் இவ்வளவு செலவு எதற்கு? இன்சியாட் போன்ற வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூல்களில் எம்.பி.ஏ. பத்தே மாதம். இழக்கும் சம்பளம் அங்கேயே பாதிக்கும் கீழ். வேலையை விடாமல் படிக்கும் பகுதிநேரப் படிப்பில் அந்த இழப்பே கிடையாது.

போவது என்று முடிவானால் சேமிப்பு முழுவதையும் கட்டணத்தில் கொட்டாதீர்கள். மூன்று மாதச் சம்பளமாவது தனியாக இருக்கட்டும், வேலை தேடும் நாட்களுக்கு ஆகும். உதவித்தொகையையும் கூச்சப்படாமல் கேளுங்கள். சீட் கொடுத்த பிறகும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

இன்றே அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சென்ற வருடம் உங்களைப் போல மென்பொருளிலிருந்து வந்தவர்களின் மீடியன் சம்பளம் என்ன, இந்த இடத்தை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா. இந்த இரண்டு கேள்வி போதும். அதற்குப் பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.