கோஸ்டா ரிகாவில் பேரம் பேசலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறோம். நானும் கணவரும், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும். டிசம்பர் விடுமுறைக்குக் கோஸ்டா ரிகா போகலாம் என்று விசாரித்தால் விலை மலைக்க வைக்கிறது. 2022-இல் போய் வந்த தோழி சொன்ன தொகை எங்கோ இருக்கிறது, இப்போது கேட்கும் தொகை எங்கோ இருக்கிறது. காட்டோரக் குடும்ப விடுதிகளில் பேரம் பேசலாமா? அல்லது சாப்பாடு உட்பட எல்லாம் அடங்கிய கடற்கரை ரிசார்ட்டுக்கே போய்விடலாமா? நாம் கொடுக்கும் பணம் காட்டைக் காக்கிறது என்கிறார்களே, அது உண்மையா, விளம்பரமா?

பதில்: உங்கள் தோழி சொன்னதும் சரி, உங்களிடம் சொல்லப்படுவதும் சரி. இடையில் மாறியது நாணய மதிப்பு. 2022-இன் நடுவில் ஒரு டாலரைக் கொடுத்தால் அந்த நாட்டு நாணயமான கொலோன் 690-க்கு மேல் கிடைத்தது. 2024-இல் அது 500-க்கும் 530-க்கும் இடையே வந்து நின்றது. மருத்துவக் கருவிகளின் ஏற்றுமதி வழியாகவும் சுற்றுலா வழியாகவும் நாட்டுக்குள் டாலர் வந்து குவிந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இதை ஒரு சிறு விடுதிக்காரரின் கணக்கு நோட்டில் வைத்துப் பாருங்கள். அறை வாடகை 100 டாலர். அன்று அது அவர் கையில் ஏறக்குறைய 69,000 கொலோன். அதே 100 டாலர் பிறகு 51,000 கொலோன் ஆகிவிட்டது. சமையல்காரருக்குச் சம்பளம், மின்கட்டணம், காய்கறி எல்லாம் கொலோனில்தான். அவை குறையவில்லை. வருமானம் டாலரில், செலவு கொலோனில் என்ற நிலையில் இருக்கும் சிறு தொழில் எல்லாமே இப்படி நசுங்கியது. வாடகையை 120, 130 என்று ஏற்றியவர்கள்கூடப் பழைய வருமானத்தைத்தான் எட்டிப்பிடிக்கப் பார்க்கிறார்கள். அப்படி ஏற்றியதாலும் பயணிகள் வேறு நாடுகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். 2024 செப்டம்பர் முதல் பல மாதங்கள் தொடர்ச்சியாக வருகை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. ஆகவே பேரம் பேசினால் அவர் இறங்கி வரவும் கூடும். அப்படி இறங்கினால் அது லாபத்திலிருந்து வெட்டப்படுவதில்லை, வேலையாளின் கூலியிலிருந்து வெட்டப்படுகிறது என்பதுதான் எனக்கு உறுத்தும் விஷயம்.

பணத்தை மிச்சப்படுத்த வேறு வழி இருக்கிறது. முன்பதிவு இணையதளங்கள் வாடகையில் 15 சதவீதமோ அதற்கு மேலுமோ தரகாக எடுத்துக்கொள்கின்றன. விடுதியின் சொந்த முகவரிக்கு நேரடியாக எழுதுங்கள். ‘நான்கு இரவு தங்குகிறோம், நேராகப் பதிவு செய்தால் என்ன விலை?’ என்று கேளுங்கள். தரகில் மிஞ்சுவதில் ஒரு பகுதி உங்களுக்கு, ஒரு பகுதி அவருக்கு. யாருக்கும் நஷ்டமில்லை. விலை சொல்லும்போது 13 சதவீத வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேட்டுவிடுங்கள். உணவகப் பில்லில் அந்த வரியோடு 10 சதவீதச் சேவைக் கட்டணமும் வரும். அதற்கு மேல் டிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம்.

அதைவிடப் பெரிய மிச்சம் மாதத்தை மாற்றுவதில் இருக்கிறது. டிசம்பர் கடைசி வாரம் ஆண்டிலேயே விலை உச்சத்தில் இருக்கும் காலம். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை இருக்கிறதே, ஜூலையில் போகலாமே! மழைக்காலம்தான். ஆனாலும் பசிபிக் பக்கம் ஜூலையில் மழை சற்று ஓய்வெடுப்பது வழக்கம். பெரும்பாலும் காலையில் வெயில், பிற்பகலில் மழை. கரீபியன் கரையில் டோர்டுகேரோவுக்குப் பச்சை ஆமைகள் முட்டையிட வரத் தொடங்கும் மாதமும் அதுவே.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பணம் காட்டைக் காக்கிறதா? காக்கிறது, ஆனால் எல்லாப் பணமும் இல்லை. 1960, 70-களில் மாட்டிறைச்சி ஏற்றுமதிக்காக அந்த நாட்டின் காடுகள் மேய்ச்சல் நிலமாக வெட்டித் தள்ளப்பட்டன. 1980-களில் நிலப்பரப்பில் ஏறத்தாழ கால்பங்கே காடாக எஞ்சியது. இன்று பாதிக்கு மேல் காடு. இறைச்சி விலை விழுந்ததில் மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டன. 1996-இல் வந்த வனச் சட்டம் காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடை செய்தது. மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்கு அரசு பணம் தரும் திட்டம் 1997-இல் தொடங்கியது. எரிபொருள் வரியில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. இவற்றோடு சேர்ந்து வந்தது சுற்றுலா. 1999-இல் வருகை 10 லட்சத்தைத் தாண்டியது, 2008-இல் 20 லட்சத்தை, 2019-இல் 31 லட்சத்தைத் தொட்டது. 1990-களின் நடுவிலேயே வாழைப்பழத்தையும் காப்பியையும் விட அதிக அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிலாகிவிட்டது. காட்டை மீட்டது சுற்றுலா மட்டும்தான் என்று சொல்லும் விளம்பரங்களை நம்பாதீர்கள். நின்ற காட்டுக்கு ஒரு வருமானத்தைக் காட்டி, அதை நிற்கவிட்டதில் சுற்றுலாவுக்குப் பங்குண்டு.

பணம் எங்கே தங்குகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். மொண்டேவெர்டே என்ற மலையூரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து கிளம்பிய, போரை ஏற்காத கிறித்தவப் பிரிவான குவேக்கர் குடும்பங்கள் 1951-இல் அங்கே குடியேறிப் பால்பண்ணை வைத்தன. தண்ணீர் ஊற்றுகளைக் காக்க மலையுச்சிக் காட்டை வெட்டாமல் விட்டார்கள். அதைச் சுற்றித்தான் 1972-இல் மேகக்காட்டுக் காப்பகம் உருவானது. அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே சாண்டா எலெனா காப்பகம் இருக்கிறது. 1992 முதல் ஊர் உயர்நிலைப் பள்ளி அதை நடத்துகிறது. நுழைவுச்சீட்டுப் பணம் காட்டைப் பராமரித்ததுபோகப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. பிள்ளைகளோடு போகும் உங்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் அதுதான்.

டோர்டுகேரோவுக்குச் சாலை கிடையாது. படகிலோ சிறு விமானத்திலோதான் போக வேண்டும். ஒரு காலத்தில் ஆமை இறைச்சியும் முட்டையும் அந்த ஊரின் பிழைப்பு. இன்று இரவில் ஆமை பார்க்க உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே கரைக்குப் போகலாம். கேமராவுக்கு அனுமதியில்லை. அந்த வழிகாட்டிகளில் பலர் அந்த ஊர்க்காரர்களே. உயிரோடு நீந்தும் ஆமையில் ஊருக்கு வருமானம் வந்த பிறகு கொல்வதை எதிர்க்க ஊரிலேயே ஆள் இருக்கிறது. தெற்கே ஓசா தீபகற்பத்தில் செய்து 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, காட்டு விடுதிகளில் வேலை செய்பவர்களின் மாத வருமானம் அதே பகுதியில் மற்ற வேலை செய்பவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று காட்டியது.

ரிசார்ட்டைப் பற்றி: ஹூஸ்டனிலிருந்து விமானத்தில் லிபேரியா என்ற கோஸ்டா ரிகா நகரில் இறங்கினால் குவானகாஸ்டே மாகாணத்தின் கடற்கரை ரிசார்ட்டுகள் பக்கம்தான். அவை வேலை தருகின்றன, மறுக்கவில்லை. நெடுங்காலம் மாட்டுப் பண்ணைகளையும் விவசாயத்தையும் நம்பியிருந்த மாகாணம் அது. ஆனால் மொத்தத் தொகையையும் அமெரிக்காவிலேயே கட்டிவிட்டு, மூன்று வேளையும் வளாகத்துக்குள்ளேயே சாப்பிட்டால், வாசலுக்கு வெளியே இருக்கும் கடைக்காரருக்கும் படகுக்காரருக்கும் உங்களால் எதுவுமில்லை. அந்த மாகாணத்தில் தண்ணீரும் அரிது. 2008-இல் சர்டினால் என்ற ஊரில், தங்கள் நிலத்தடி நீரைக் கடற்கரைக் கட்டுமானங்களுக்குக் குழாய் போட்டு எடுத்துப்போவதை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

ஏழு நாள் என்றால் ஐந்து நாளை மொண்டேவெர்டேக்கும் டோர்டுகேரோவுக்கும் கொடுத்து, இறுதி இரண்டு நாளைக் கடற்கரையில் கழியுங்கள். சாப்பாட்டுக்கு ‘சோடா’ எனப்படும் குடும்ப உணவகங்கள் போதும். சோறு, கறுப்பு பீன்ஸ், பொரித்த வாழைப்பழம், காய் என்று ஒரு தட்டு. சைவமாகவும் கேட்டு வாங்கலாம். பிள்ளைகள் முரண்டு பிடிக்காமல் சாப்பிடுவார்கள்.

மானுவல் அந்தோனியோ தேசியப் பூங்காவையும் சேர்ப்பதாக இருந்தால் இரண்டை நினைவில் வையுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருப்பதால், டிக்கெட்டை அரசின் பூங்கா இணையதளத்தில் முன்னதாகவே வாங்கிவிட வேண்டும். வாசலுக்கு வரும் சாலையில் காரை நிறுத்தச் சொல்லி, தாங்களே வழிகாட்டி என்றும், வாகனம் இங்கேதான் நிறுத்த வேண்டும் என்றும் கைகாட்டுபவர்கள் இருப்பார்கள். நிறுத்தாமல் வாசல் வரை போங்கள். வழிகாட்டி தேவையென்றால் சுற்றுலாத் துறை வழங்கிய அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.